பனியை எண்ணியவன்

அவன் பனியை நக்கிப் பார்ப்பான்.

மும்பை செம்பூரில் முப்பது மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடி. காலை ஆறரை மணி. கைப்பிடிச் சுவரின்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும். அதில் படிந்து காய்ந்த பனியைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பான். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் குமட்டியது. அதைவிட எரிச்சலாக இருந்தது, மற்ற நான்கு பேரும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, அவன் வாயைத் திறக்கட்டும் என்று காத்து நின்றதுதான்.

"உப்பா இருக்கு" என்பான். அப்படியென்றால் உப்பங்கழிப் பக்கமிருந்து வந்த பனி. "கசக்கு" என்றால் எங்கேயோ ராத்திரியெல்லாம் குப்பை எரிந்திருக்கிறது. "நறநறங்கு" என்றால் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு டவரின் சிமெண்ட்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் அவனுக்கு ஒரு பெருமையாகிவிடும். இப்போது சான்பாடா பக்கம் எங்கேயோ இருக்கிறான் என்று எங்களோடு வேலை பார்த்த இசக்கி சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். அவனைப் பற்றி எல்லோரும் தாமாகச் சொல்வார்கள்.

நாங்கள் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர்கள். மொட்டைமாடியில் கயிற்றைக் கட்டி, ஒரு பலகையில் உட்கார்ந்து, சோப்புத் தண்ணீரும் ரப்பர் துடைப்பானுமாக மாடி மாடியாக இறங்குவோம். கால் தரையில் பட்டதும் லிஃப்டில் மேலே போய் மறுபடி முதலிலிருந்து. இந்த வேலைக்கு அவன் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே வந்தவன் நான். அதற்கு முன்னால் லாரியில் கிளீனராக இருந்தேன், கப்பல் உடைக்கும் இடத்தில் சிலிண்டர் உருட்டினேன், காட்கோபரில் இட்லி மாவு அரைத்தேன். ஓரிடத்தில் நிலையாக நின்றதில்லை. படிப்பு ஏழாவதோடு போயிற்று. ஆனால் கயிற்றில் என்னைவிட வேகமாக இறங்கியவன் எங்கள் ஆறு பேரில் கிடையாது. ஒரு தடவை மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து வலது தோள் இறங்கிவிட்டது. தாராவியில் ஒருவரிடம் போய் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, பத்தாம் நாள் வேலைக்கு வந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பத்தாம் நாளும் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அவனும் தாராவிதான். என் வயதுதான். முன்பு துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் துணியைச் சரிபார்ப்பவனாக இருந்தான். இழை எண்ணுவதற்கென்று பித்தளையில் ஒரு சின்ன லென்ஸ் உண்டு. மூன்றாக மடங்கும். விரித்து வைத்தால் அடியில் ஓர் அங்குலச் சதுரத்துக்குத் திறப்பு, அதற்கு நேர் மேலே லென்ஸ். சதுரத்துக்குள் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணித் துணி நயமா மட்டமா என்று சொல்வார்கள். கம்பெனி மூடியபோது அவன் கையோடு கொண்டுவந்தது அது ஒன்றைத்தான்.

அந்த லென்ஸை வைத்துப் பனியை எண்ணினான்.

தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை இன்னொரு கண்ணாடித் துண்டில் மெல்லிசாகத் தடவுவான். ஒரு பீடி குடிக்கும் நேரம் அது பனியில் இருக்கும். எண்ணெய்க்குள் விழுந்த துளி சீக்கிரம் காயாது. பிறகு கண்ணாடியைக் கறுப்புத் துணியின்மேல் வைத்து, லென்ஸை விரித்து, சதுரத்தின் ஒரு மூலையை மட்டும் எண்ணுவான். உதடு அசையும். பீடியை மட்டும் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்த்தான் குடிப்பான். ஒரு நாள் இசக்கி கண்ணாடிக்குப் பக்கத்திலேயே பற்ற வைத்துவிட்டான். இசக்கி எங்களில் சின்னவன், முப்பது வயது, வாயாடி.

"ஏல, அங்கன போய்க் குடி. பீடிப் பொகையும் தூசிதான்."

"என்ன அண்ணாச்சி, என் ஒத்தப் பீடியில செம்பூரே மறைஞ்சிருமா?"

"செம்பூர் மறையாது. என் எண்ணிக்கை கெட்டுரும்."

இசக்கி உடனே எழுந்து போனான். நான் நகரச் சொல்லியிருந்தால் என் முகத்தில் ஊதியிருப்பான்.

சண்டைக்கு இழுக்க வேண்டும் என்றே ஒரு நாள் அவனிடம் கேட்டேன். "பனின்னா தண்ணி. தண்ணிக்கும் தூசிக்கும் என்னவே சம்பந்தம்?"

"தூசி இல்லாம துளி கிடையாதுவே. தண்ணி சும்மா அந்தரத்துல நிக்குமா? உக்கார ஒரு பலகை வேணும்லா, உமக்கு வேண்டியிருக்க மாதிரி. அதுக்குத் தூசிதான் பலகை."

"சரி, தூசி கூடுதலா இருந்தா?"

"ஒரு பானை கஞ்சி இருக்குன்னு வையும். பத்துப் பேருக்கு ஊத்துனா ஆளுக்கு ஒரு செம்பு. குடிச்சவன் வயிறு கனத்துக் கீழ உக்காந்துருவான். அதே கஞ்சிய ஆயிரம் பேருக்கு ஊத்தும். ஆளுக்குச் சொட்டுதான். ஒருத்தனும் உக்காரமாட்டான், அங்கனயே சுத்திக்கிட்டு நிப்பான். ஆயிரம் பேரு கூடி நின்னா அந்தப் பக்கம் நடக்குறது நம்ம கண்ணுக்குத் தெரியுமா? பத்துப் பேரு நின்னா இடுக்குல பாத்துக்கிடலாம். தண்ணி அளவு ஒண்ணுதான்வே. தூசிதான் கண்ண மறைக்கு."

மற்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் புரிந்தது. புரிந்ததுதான் வயிற்றெரிச்சல்.

பதினேழாம் மாடியில் ஒரு பாலக்காட்டு மாமி இருந்தார். மூச்சிழுப்பு உண்டு. காலையில் நடக்கப் போவதற்கு முன் சன்னலைத் திறந்து, கயிற்றில் அவன் இறங்கி வரும்வரை நிற்பார்.

"இன்னிக்கு நடக்கப் போலாமோப்பா?"

"வேண்டாம் மாமி. இன்னைக்கிப் பனி கசக்கு. பதினொண்ணுக்கு மேல போங்க."

அவனுக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி வரும். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, ஊதி ஊதிக் குடிப்பான். அடுத்த கயிற்றில் அதே மாடிக்கு நான் வந்து சேர்ந்தபோது மாமி என்னையும் பார்த்தார். "அந்த மூலையில சோப்பு அப்படியே நிக்கறது, பாரு" என்றார்.

ஒரு டிசம்பரில் காலம் தப்பி மழை பெய்தது. மறுநாள் விடியும்போது எதிரில் இருந்த டவர் இல்லை. இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. "இன்னைக்கி வேலை கிடையாது, சுட்டிதான்" என்று சொல்லிவிட்டு நான் ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்க நடந்தேன். அவன் எண்ணிப் பார்த்துவிட்டு, "மழை தூசியெல்லாம் கழுவிட்டுப் போயிருக்கு. துளி கொஞ்சமாத்தான் கெடக்கு, ஒவ்வொண்ணும் தடிதடியா. ரெண்டு பீடிக்குள்ள போயிரும்" என்றானாம். இரண்டாவது டீயை ஊதிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். நல்ல வெயில். கட்டடத்தின் முகத்தில் இருபதாம் மாடி உயரத்தில் ஐந்து பேர் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது கயிறு ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அது என்னுடையது.

அதற்கப்புறம்தான் குர்லாவில் பழைய சாமான் விற்கும் தெருவில் அதே மாதிரி ஒரு லென்ஸ் வாங்கினேன். வேறொரு மூலையில், யாரும் பார்க்காதபோது, எண்ணெய் தடவி எண்ணிப் பார்த்தேன். நாற்பது வரை போகும். பிறகு எந்தத் துளியை எண்ணினேன், எதை விட்டேன் என்று குழம்பும். கண்ணில் நீர் வரும். கடைசியில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது என் தலைமுடி ஒன்று மட்டும்தான். ஒரு நாள் பையைத் திறந்து வைத்திருந்தபோது அவன் லென்ஸைப் பார்த்துவிட்டான். சிரிப்பான் என்று நினைத்தேன். திருப்பிச் சண்டை போட வார்த்தைகூட எடுத்து வைத்திருந்தேன்.

"இத சட்டையில தொடைக்காதியும்வே, கீறல் விழுந்துரும். பழைய பனியன் துணி இருந்தா நல்லது" என்றான். அவ்வளவுதான். மறுநாள் ஒரு பனியன் துணியும் கொண்டுவந்து கொடுத்தான். லென்ஸை அன்றே தூக்கி எறிந்தேன் என்று எழுத ஆசை. டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, அந்தத் துணியில் சுற்றியபடி.

இனி சிவப்பு வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பனி நாட்களில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முறை வைத்து ஒருவன், கயிறுகள் இறங்கும் இடத்தில், தரையில், சிவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்றை வைப்பான். மேலே இருக்கும் ஆள் எட்டிப் பார்த்து, வாளி தெரிகிறது என்று போனில் சொன்ன பிறகே அவன் மேலே வருவான். வாளி தெரிந்தால் அதன் பக்கத்தில் கிடக்கும் கயிற்றின் நுனிகளும் தெரியும். கயிறு தரையைத் தொட்டிருக்கிறதா, நடுவில் எதிலாவது மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று தெரியாமல் யாரும் சுவரைத் தாண்டக் கூடாது. குறைந்து நிற்கும் கயிற்றில் இறங்குகிறவன் அதன் நுனி வழியாகப் போய்விடுவான். அப்படிப் போன ஒருவனை நான் பார்த்திருக்கிறேன்.

மேலே நின்று கயிற்றைக் கட்டி, சரிபார்த்து, இறங்கலாம் என்று சொல்பவனுக்கு மேலாள் என்று பெயர். முதலில் காண்ட்ராக்டரே அதைச் செய்துகொண்டிருந்தார். சர்க்கரை வியாதியில் கால் வீங்கியதும் நிரந்தரமாக ஒருவரைப் போடுவது என்று முடிவு செய்தார். மாதச் சம்பளம். தொங்க வேண்டாம். என் தோள் இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். கயிறு போனால் அதற்குப் பிறகு என்னை யாரும் எதற்கும் சேர்க்கமாட்டார்கள் என்பதும் தெரியும். மேலாள் வேலை எனக்கு வேண்டியிருந்தது. காண்ட்ராக்டர் ஒரு மாதம் பார்க்கலாம் என்று அவனை அந்த இடத்தில் நிறுத்தினார்.

அவன் காத்திருக்க வைத்தான். பனி கலையும்வரை ஒருவரையும் இறக்கமாட்டான். காண்ட்ராக்டர் போனில் கத்துவது எங்களுக்கே கேட்கும். "ஓய், நீரு என்ன வானிலை ஆபீசா? கட்டடத்துக்காரன் போன் மேல போன் அடிக்கான். எட்டு மணிக்கு ஆளு கண்ணாடியில இருக்கணும்." ஆனாலும் மற்ற நான்கு பேரும் அவன் பக்கம். அவனை அசைக்க முடியாது. அவன் ஒரே ஒரு தடவை தவறாகச் சொன்னால் போதும் என்று தோன்றியது. தெரிகிறது என்று சொல்லி அனுப்பி, பாதியில் ஆட்கள் ஒன்றும் தெரியாமல் தொங்கி, மேலே இழுங்கள் என்று கத்தினால் போதும். பனியை நக்குகிறவன் என்று எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குமேல் நான் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

ஏதோ தேர்தலில் யாரோ ஜெயித்து, ராத்திரி முழுக்க வெடி வெடித்தார்கள். காலையில் பனி இறங்கியது. வெள்ளையாக இல்லை, கரித்துணி துவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. அன்று வாளி என் முறை.

கயிறுகள் இறங்கும் சுவரை ஒட்டி, கார் நிறுத்தும் பத்து மாடிக் கட்டடம் இருந்தது. அதன் மொட்டைமாடி விளிம்பில் நின்றால் எங்கள் கயிறுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நான் வாளியைத் தரையில் வைக்கவில்லை. அந்தப் பத்தாவது மாடி விளிம்பில் வைத்தேன். மேலே நிற்பவனுக்கு அது பத்து மாடி கிட்டத்தில் தெரியும்.

போன் வந்தது. "வாளி வச்சாச்சாவே?"

"வச்சாச்சு. தெரியுதா?"

"தெரியுது" என்றான்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வாளிக் கைப்பிடியத் தூக்கி நிறுத்தும்" என்றான். நிறுத்தினேன்.

"கைப்பிடியும் தெரியுது." குரலில் சந்தோஷம் இல்லை. பின்னால் இசக்கி, "அப்ப எறங்கலாமா அண்ணாச்சி?" என்பது கேட்டது. "நில்லுல. ஒருத்தனும் சுவத்தத் தாண்டப்பிடாது. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

என் கயிற்றில்தான் இறங்கினான். நான் வாளிக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஓடியிருக்கலாம். முதலில் பலகையின் அடி தெரிந்தது. பிறகு அவன் செருப்பு. பிறகு முகம். விளிம்பில் கால் ஊன்றி நின்று, வாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது எத்தனாவது மாடிவே?"

"பத்து."

குனிந்து ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்தான். மூன்றாவது கயிறு லேசாக வந்தது. விளிம்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியில் சுருண்டு மாட்டி, அதன் நுனி எட்டாம் மாடி உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"இசக்கி கயிறு" என்றான்.

நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை. வாளியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இசக்கிக்கு இரண்டு பெண் குழந்தைகள். அந்த நேரத்தில் அவர்கள் நினைப்பு வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு வந்தது வேறு.

"எப்படிவே கண்டுபிடிச்சீரு?"

"கண்ணாடியில எண்ணுனேன். அத்தன துளிக்கு வாளி தெரியப்பிடாது. தெரிஞ்சுது. கைப்பிடியும் தெரிஞ்சுது. அப்பத் தப்பு பனியில இல்ல, வாளியில."

தன் கண்ணால் பார்த்ததையே அவன் நம்பவில்லை. எண்ணியதை நம்பினான். எனக்கு இந்த ஜென்மத்தில் அது வராது.

"மேல போய்ச் சொல்லப்போறீரா?"

அவன் கயிற்றை அவிழ்த்து நேராக்கிக்கொண்டிருந்தான். "சொன்னா ஒரு பய உம்ம கயித்துப் பக்கம் விடமாட்டான். பொறவு நீரு எங்கவே போவீரு?" எல்லாக் கயிறும் நேரானதும் வாளியை எடுத்துக்கொண்டான். "இனிமே இத நீரு தொடப்பிடாது. நான் வைப்பேன்."

பத்து மாடியும் படியில் இறங்கிப் போய் வாளியைத் தரையில் வைத்தான். இசக்கிக்குப் போன் போட்டு, தெரிகிறதா என்று கேட்டான். இல்லை என்றான் இசக்கி.

மேலே போனதும் நான்கு பேரும் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் தெரிகிறது என்றீர்கள், இப்போது பார்த்தால் தெரியவில்லையே என்றார்கள். "நான்தான் தப்பா எண்ணிட்டேன்" என்றான். இசக்கி சிரித்தான். "அண்ணாச்சிக்குக் கண்ணாடி போடணும்" என்றான். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் எதிர்பார்த்த அதே சிரிப்பு. மதியம்வரை பனி கலையவில்லை. சேதி காண்ட்ராக்டர் காதுக்குப் போய், மறுநாள் அவர் என்னை மேலாள் ஆக்கினார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் மேலே நின்றேன், அவன் கயிற்றில் தொங்கினான். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து வாளியை வைத்துவிட்டு மேலே வருவான். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, பனிக்கு முதுகைக் காட்டிச் சுவரில் சாய்ந்து உட்காருவான். கண்ணாடித் துண்டை எடுப்பதில்லை. இசக்கி ஒரு தடவை கேட்டதற்கு, "அது இப்ப மேலாள் சோலி" என்று சொன்னான். நான் இறங்கலாம் என்றால் இறங்குவான். எட்டிப் பார்க்கமாட்டான், இரண்டாம் தடவை கேட்கமாட்டான். அப்படிச் செய்த என்னை நம்பி, கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தாண்டுவான். நான் அவன் இடத்தில் இருந்தால் தாண்டியிருக்கமாட்டேன். அதற்காகவும் அவனைப் பிடிக்கவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் எட்டிப் பார்த்தபோது வாளி தெரியவில்லை. காண்ட்ராக்டர் போனில் கத்தினார். எட்டு மணி ஆயிற்று, எட்டரை ஆயிற்று. "தெரியல, இறக்க முடியாது" என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்படி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கே கொஞ்சம் நன்றாக இருந்தது.

"எத்தன மணி ஆகும் அண்ணாச்சி?" இசக்கி என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.

"பதினொண்ணு" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவன் பீடி குடிக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனான். வெகு நேரம் வரவில்லை. மெதுவாகப் போய்ப் பார்த்தேன். பீடி பற்ற வைக்காமல் காதில் இருந்தது. முழங்காலில் கறுப்புத் துணி, அதன்மேல் கண்ணாடி, குனிந்த தலை. உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். பிறகு அவன் வந்து இசக்கியின் பக்கத்தில் உட்கார்ந்தபோது, இசக்கி ஏதோ கேட்க, அவன் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"பத்தரை."

பத்து இருபத்தெட்டுக்கு எட்டிப் பார்த்தேன். கீழே, சிவப்பாக, பொட்டு மாதிரி, கைப்பிடி தெரியாமல், எந்த அளவில் இருக்க வேண்டுமோ அந்த அளவில், அவன் வைத்த வாளி தெரிந்தது. ஐந்து கயிற்றின் நுனியும் தரையில் கிடந்தன.

திரும்பினேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவனும்.

"இன்னும் தெரியல" என்றேன்.

அவன் எட்டிப் பார்க்கவில்லை. காதிலிருந்த பீடியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனான். மாடியெல்லாம் வெயில் அடித்தது. பதினொன்று ஆகும்வரை நான் ஒருவரையும் இறக்கவில்லை.